மாவு டப்பா நிறைந்திருந்தால்: சிக்கனச் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மதுரை செல்லூரில் வீடு. ஐந்து பேர் சாப்பிட வேண்டும், வருவது ஒரு சம்பளம். இருபது வருடமாக மாதத்தின் கடைசிப் பத்து நாளை மாவை வைத்துத்தான் ஓட்டி வருகிறேன். புதிதாகக் குடித்தனம் வந்தவர்கள், மாவு மில் வாசலில் பக்கத்தில் நின்றவர்கள், படிப்புக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கடை விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதை எழுதவில்லை, அளவுகளை மட்டும் கொடுத்திருக்கிறேன். எல்லாம் என் அடுப்பில் செய்து பார்த்த அளவுகள்.

மாவில் சமைத்தால் செலவு எப்படிக் குறையும்? அதுவும் அரிசி, கோதுமைதானே?

சோறு வடித்தால் அதோடு வேலை முடியாது. குழம்பு வேண்டும், ஒரு காய் வேண்டும், ரசம் வேண்டும், மோர் வேண்டும். அரிசி ரேஷனில் சும்மா கிடைத்தாலும், அதற்குப் பின்னால் வரும் பருப்பும் புளியும் காயும் எண்ணெயும்தான் பணத்தைத் தின்கின்றன. அதே அரிசி மாவாகி இட்லியாகவோ புட்டாகவோ தட்டுக்கு வந்தால் ஒரே ஒரு வெஞ்சனம் போதும். ஒரு சட்னி, இல்லை கொஞ்சம் வெல்லமும் தேங்காய்த் துருவலும். கேப்பைக் களிக்கு (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் கேப்பை என்றால் கேழ்வரகு) ஒரு கீரைக் கடைசல். கூழுக்கு உரித்த சின்ன வெங்காயம் நாலு. இந்தக் கணக்குதான் முழுக் கணக்கும்.

இன்னொன்றும் உண்டு. மாவு தண்ணீர் குடித்துப் பெருகும். ஒரு கிலோ கேப்பை மாவைக் களி கிண்டினால் மூன்று கிலோவுக்குப் பக்கமாக வரும். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் 50 இட்லிக்குக் குறையாது. ஒரு கிலோ கோதுமை மாவில் நடுத்தரச் சப்பாத்தி 30 முதல் 35 வரை போடலாம்.

எந்தெந்த மாவு வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும்?

நான்கு பேர் குடும்பத்துக்கு மாதத்துக்குப் பச்சரிசி மாவு இரண்டு கிலோ, கோதுமை மாவு ஐந்து கிலோ, கேப்பை மாவு இரண்டு கிலோ, கடலை மாவு அரைக் கிலோ. இது போக இட்லி மாவு வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டுவது. ரவை ஒரு கிலோ இருந்தால் அவசரத்துக்கு உதவும்.

பாக்கெட் மாவு வாங்குவதா, மில்லில் அரைப்பதா?

அரைப்பதுதான். தானியமாக வாங்கினால் விலை குறைவு. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கினால் இன்னும் குறையும். அரைக்கிற கூலியைச் சேர்த்தாலும் பாக்கெட் விலைக்கு வராது. அதைவிட முக்கியம், மாவு என்ன தானியம், எப்போது அரைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் மில்லுக்குப் போவதற்கு முன்னால் வேலை இருக்கிறது. கோதுமையைச் சொளகில் புடைத்துக் கல், தூசி எடுத்து, இரண்டு தண்ணீரில் சட்டென்று அலசி, மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஒரு முழு நாள் வெயிலில் போடுங்கள். சாயங்காலம் நாலைந்து கோதுமை மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். கடக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுநாளும் காய வேண்டும். ஈரக் கோதுமை மில்லில் சரியாக அரைபடாமல் அப்பிக்கொள்ளும், மாவும் சீக்கிரம் கெடும்.

மில்லில் போய் நின்றதும் முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய், மல்லிக்குத் தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். ஒரு தடவை கேட்காமல் விட்டு, எனக்கு முன்னால் யாரோ சோளம் அரைத்திருக்க, என் பச்சரிசி மாவு மஞ்சளாக வந்தது. இப்போது முதல் இரண்டு கைப்பிடி தானியத்தைப் போட்டு, வருகிற மாவைத் தனியாக வாங்கிக்கொள்கிறேன். அது கஞ்சிக்கு ஆகும்.

அப்புறம், மிஷின் வாயில் கட்டியிருக்கும் துணிக் குழாய் வழியாக மாவு விழும்போது தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டோடு டின்னில் அடைக்கக் கூடாது. நான் ஒரு ஆவணி மாதம் மழை வரப்போகிறதென்று ஐந்து கிலோவைச் சூட்டோடு அடைத்து மூடிவிட்டேன். டின்னுக்குள் வேர்த்து, மூன்றாம் நாள் கட்டி கட்டியாக, பூஞ்சை வாடையோடு இருந்தது. முழுவதையும் கொட்டினேன். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, அதற்குப் பிறகு டின்னில் போடுங்கள்.

ரேஷன் அரிசி, ரேஷன் கோதுமையை மாவாக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. புழுங்கல் இட்லிக்கு, பச்சரிசி புட்டு, இடியாப்பம், முறுக்குக்கு. கோதுமையை அரிசியின் ஒரு பங்குக்குப் பதிலாக, இருப்பு இருக்கும்போது வாங்கலாம். வரும் நாளை விசாரித்து முதலிலேயே போய்விடுங்கள். கூடவே துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதைத் தவறாமல் வாங்கிவிட்டால் பாதிச் சமையல் அதிலேயே நிற்கும்.

ரேஷன் அரிசியில் வாடை இருந்தால், நாலைந்து தண்ணீரில் அலசித் தேய்த்துக் கழுவி, ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஆட்டுங்கள். இட்லியில் வாடை தெரியாது. என்னைக் கேட்டால் கடையில் விற்கும் இட்லி அரிசியைவிட நல்ல ரேஷன் புழுங்கல் இட்லிக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

அரிசி கழுவும்போது சில அரிசி மிதக்கிறதே, பிளாஸ்டிக் அரிசியா?

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவையே பிசைந்து, அதில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவில் அச்சில் பிழிந்து எடுத்தது. 100 அரிசிக்கு 1 என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். மாவில் செய்ததால் நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், சில மிதக்கும். பொறுக்கி எறிய வேண்டாம். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உளுந்து விலை தாங்க முடியவில்லை. இட்லி மாவில் உளுந்தைக் குறைக்கலாமா?

நான்கு ஆழாக்குப் புழுங்கல் அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது நடைமுறை அளவு. புது உளுந்து கிடைத்தால் ஐந்துக்கு ஒன்று போட்டாலும் பஞ்சு மாதிரி வரும். அதற்கு மேல் குறைத்தால் இட்லி கல்லாகிவிடும்.

குறைப்பதைவிட, இருக்கிற உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டுவதில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், குளிர்ந்த தண்ணீரைக் கை கையாகத் தெளித்து 25 நிமிடம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். மிஷின் சூட்டில் மாவு சூடானால் பொங்காது, அதனால்தான் குளிர்ந்த தண்ணீர். அரிசி ஆட்டும்போது முந்தின நாள் சோறு ஒரு கைப்பிடி சேர்த்தால் மென்மை கூடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். இரவு பத்து மணிக்கு ஆட்டி வைத்துத் தூங்கினால் காலையில் மேடையெல்லாம் வழிந்திருக்கும். வெயில் காலத்தில் பின்மாலையில் ஆட்டி, படுக்கும் முன் பொங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மாவு புளித்துவிட்டது. கொட்டுவதா?

கொட்டவே கூடாது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காய ஊத்தப்பம், நாலாம் நாள் பணியாரம் என்பது பழைய வரிசை. புளிப்புத் தூக்கலாக இருந்தால் மாவில் கால் பங்கு ரவையோ அரிசி மாவோ கலந்து அரை மணி நேரம் வைத்தால் அடங்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டிப் பணியாரச் சட்டியில் ஊற்றினால் பிள்ளைகள் சட்னிகூடக் கேட்க மாட்டார்கள். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், இல்லை அழுகிய வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

களி கிண்டினால் கட்டி தட்டுகிறது. எங்கள் ஆத்தா செய்தால் மட்டும் வழுவழுப்பாக வருமே, என்ன சூட்சுமம்?

மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டியவுடன் கிண்டுவதுதான் தப்பு. மாவு உருண்டைகளின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோலாகிவிடும், உள்ளே தண்ணீர் போக வழி இருக்காது. அதுதான் கட்டி.

நான்கு பேருக்கு இரண்டு டம்ளர் கேப்பை மாவு, நாலரை டம்ளர் தண்ணீர் எடுங்கள். தண்ணீரிலிருந்து அரை டம்ளர் தனியே எடுத்து, இரண்டு கரண்டி மாவை அதில் கரைத்து வையுங்கள். மீதித் தண்ணீரை அடி கனத்த சட்டியில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, கரைத்ததை ஊற்றிக் கிளறுங்கள். தண்ணீர் கஞ்சி மாதிரிக் கொஞ்சம் கெட்டிப்பட்டுத் தளதளவென்று கொதிக்கும். இப்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்ட வேண்டாம். துடுப்புக் கட்டையால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு துளை போட்டு, தீயைக் குறைத்து, மூடிவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் துளை வழியாகக் கஞ்சி பொங்கி மேலே வந்து மாவை நனைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கட்டைக்கு வேலை. எங்கள் ஆத்தா உசிலம்பட்டிப் பக்கம். சட்டியை இறக்கித் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் துணியோடு பாதத்தால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து ஒரே பக்கமாகச் சுற்றிக் கிண்டும். நம் வீட்டில் ஒருவர் இடுக்கியால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கிண்டலாம். மாவு வெள்ளையாகத் தெரியாத அளவுக்குக் கிண்டியதும், மறுபடி சிறு தீயில் மூடி ஐந்து நிமிடம். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, நிறம் கருத்து மினுமினுக்க வேண்டும். அந்த மினுக்கம் வராமல் இறக்கினால் வயிறு வலிக்கும் என்று ஆத்தா சொல்லும். வேகாத கேப்பை மாவு வயிற்றுக்குக் கனம்தான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

முருங்கைக்கீரைக் குழம்போ, கருவாட்டுக் குழம்போ இருந்தால் போதும். மதியம் இரண்டு உருண்டை சாப்பிட்டால் ராத்திரி வரைக்கும் பசிக்காது. கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் வாங்குவதைக் குறைத்துக்கொண்ட வீடுகளுக்கு இதை நான் விடாமல் சொல்வேன்.

கூழ் எப்படி? வெளியில் வாங்கிக் குடிக்கலாம்தானே?

குடிக்கலாம். ஆனால் ஒருவர் குடிக்கும் காசுக்கு வீட்டில் நாலு பேர் குடிக்கலாம். முதல் நாள் இரவு ஒரு டம்ளர் கேப்பை மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். மறுநாள் கால் டம்ளர் நொய்யரிசியை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கைவிடாமல் கிண்டி, கை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்து, அடுத்த நாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைக்க வேண்டியதுதான். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், வெங்காயம், மாங்காய்க் கீற்று.

சப்பாத்தி வறட்டி மாதிரி ஆகிறது. மைதா கலக்கலாமா?

மைதா வேண்டாம், நேரம் கொடுங்கள். மில்லில் அரைத்த மாவில் தவிடு முழுக்க இருக்கிறது, அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கையில் லேசாக ஒட்டும் அளவுக்கு இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் வையுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, சீக்கிரம் திருப்பி எடுங்கள். சிறு தீயில் நெடுநேரம் கிடந்தால் எந்த மாவும் வறட்டிதான்.

புட்டு ஒன்று உதிர்கிறது, இல்லையென்றால் கொழுக்கட்டை ஆகிறது. பதம் எது?

மதுரையில் இருந்துகொண்டு உதிர்ந்த புட்டுக்கு வருத்தப்படலாமா? வைகை வெள்ளத்தை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டபோது, புட்டு விற்ற கிழவி வந்திக்கு ஆளில்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டை மட்டும் கூலியாகக் கேட்டார். அன்றைக்கு அவித்த புட்டெல்லாம் உதிர்ந்து போனது. இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கிறார். சின்ன வயதில் அங்கே வாங்கித் தின்ற புட்டின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சரி, பதத்துக்கு வருவோம். மாவு வறுத்ததாக இருக்க வேண்டும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில் அரைத்து, சலித்து, வடச்சட்டியில் வறுங்கள். எப்போது நிறுத்துவது என்றால், ஒரு சிட்டிகை மாவை எடுத்துத் தரையில் கோலம் இழுத்துப் பாருங்கள். இழை அறாமல் வந்தால் வறுத்தது போதும்.

அந்த மாவில் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரலால் பிசறுங்கள். ஊற்றக் கூடாது. ஒரு பிடி பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். பிடி நிற்காவிட்டால் இன்னும் தெளிக்க வேண்டும். தட்டியும் உதிராவிட்டால் ஒரு கை வறுத்த மாவைச் சேருங்கள். சல்லடையில் ஒரு தடவை தேய்த்து இறக்கி, பத்து நிமிடம் மூடி வைத்து, இட்லித் தட்டில் துணி போட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கேப்பைப் புட்டுக்கும் இதே முறைதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இடியாப்பத்துக்கு வேறு மாவு வேண்டுமா?

அதே மாவுதான், நைசாகச் சலித்தது. அரிசி மாவில் கோதுமை போல இழுவைப் பசை கிடையாது. நன்றாகக் கொதித்த தண்ணீர் பட்டால்தான் மாவு வெந்து ஒன்றோடொன்று பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இழை அறுந்து விழும்.

பருப்பு தீர்ந்துவிட்டது, மாதக் கடைசி. சாம்பாருக்குப் பதில் என்ன?

கடலை மாவுச் சட்னி. பாம்பே சட்னி என்றும் சொல்வார்கள். நான்கு பேர் சாம்பாருக்குத் துவரம் பருப்பு 100 கிராமாவது வேண்டும். இதற்குக் கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, 25 கிராம் அளவு, போதும்.

மாவை முதலில் அரை டம்ளர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, பிறகு இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து நீர்க்க வையுங்கள். வடச்சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டு, கீறிய பச்சை மிளகாய் மூன்று, தக்காளி ஒன்று போட்டு வதக்கி, மஞ்சள் தூள், உப்புச் சேருங்கள். கரைத்த மாவை ஊற்றும்போது இன்னொரு தடவை கலக்கிவிட்டு ஊற்றுங்கள், மாவு அடியில் தங்கியிருக்கும். ஐந்தாறு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் பச்சை வாடை போய்ப் பளபளப்பு வரும். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று நின்றுவிடாதீர்கள். ஆற ஆற அது தானாகவே இறுகும். ரசத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும்போதே இறக்குங்கள். இட்லி, தோசை, பூரி, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் சேரும்.

கடலை மாவு இல்லையென்றால் பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்துச் செய்யலாம். அது வறுபட்டதால் இரண்டு கொதியிலேயே இறக்கிவிடலாம்.

மைதா விஷம், வெளிநாட்டில் தடை என்கிறார்களே? போஸ்டர் ஒட்டுகிற பசையாமே?

வெளிநாட்டில் தடை என்பது பொய். அங்கே தினமும் தின்கிற வெள்ளை ரொட்டியும் கேக்கும் இதே வகை மாவில்தான் செய்கிறார்கள். மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் அரைத்தது. பசை விஷயம், மதுரைச் சுவரெல்லாம் போஸ்டர் என்பதால் இந்த ஊரில் அதிகம் கேட்கிறார்கள். மாவுச்சத்து எதைக் காய்ச்சினாலும் பசையாகும். வேட்டிக்கும் சுங்குடிச் சேலைக்கும் நாம் போடுவது சோற்றுக் கஞ்சிதானே?

ஆனால் தினமும் சமைக்கும் மாவாக மைதாவை நான் வைத்துக்கொள்வதில்லை. நார்ச்சத்து தவிட்டோடு போய்விட்டது. சீக்கிரம் பசிக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆகாது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் நம் ஊர்ச் சால்னாவும் எனக்கும் பிடிக்கும். மாதம் ஒரு நாள் கடைக்குப் போய் ஆசை தீரச் சாப்பிடுவதோடு சரி.

கம்பு மாவு ஒரு வாரத்தில் கசக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், 100 கிராமுக்கு 5 கிராம் அளவு. தானியமாக இருக்கும்வரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். அரைத்ததும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை வந்து கசந்துவிடும். கம்பை ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கேப்பை இதற்கு நேர் எதிர். குலுக்கையில் (தானியம் சேமிக்கும் மண் குதிர்) கொட்டி வைத்த கேப்பை வருடக் கணக்கில் பூச்சி விழாமல் கிடக்கும். பஞ்ச காலத்துக்கு என்று அதைச் சேர்த்து வைத்தது அதனால்தான்.

பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலியையும் சிலர் மாவாக்கச் சொல்கிறார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எல்லாரும் அதைத் தேட ஆரம்பித்தார்கள். கடையில் அது இப்போது சிக்கனச் சரக்கு இல்லை. ஊரில் நிலம் வைத்திருக்கும் உறவு யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவில் வண்டு விழாமல் இருக்க?

ஈரக் கரண்டி படக்கூடாது, பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டக் கூடாது. இந்த இரண்டும்தான் முக்கியம். டின்னைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். காய்ந்த மிளகாய் நாலைந்து, ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ரவையை வாங்கியதும் வறுத்து வைத்துவிடுங்கள். கடலை மாவில்தான் பூச்சி சீக்கிரம் வரும், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

அறையில் தங்கியிருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு தோசைக்கல்தான் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

கோதுமைத் தோசையில் ஆரம்பி தம்பி. ஒரு டம்ளர் கோதுமை மாவு, கால் டம்ளர் அரிசி மாவு, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம். தண்ணீர் ஒன்றரை டம்ளரில் ஆரம்பித்து, நீர்மோர் பதம் வரும்வரை சேர்த்துக் கரைத்துக்கொள். அரிசி மாவு மொறுமொறுப்புக்கு. அது இல்லாவிட்டால் தோசை சவசவவென்று இருக்கும். கல் நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுற்றி ஊற்று. கரண்டியால் தேய்க்காதே, கிழியும். ஒரு ஊறுகாய் போதும். ஒரு கிலோ மாவு ஆளுக்கு ஏழெட்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வரும். இது பழகிய பிறகு ரவை உப்புமா, அப்புறம் கேப்பைக் கஞ்சி.

குழந்தைக்குச் சத்து மாவு வீட்டில் அரைக்கலாமா?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேப்பை மாவை, மெல்லிய துணியில் சலித்துக் கூழாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். இருபது சாமான் சேர்த்து ஒரே நாளில் அரைத்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தானியமாகப் பழக்கினால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். உங்கள் அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்து மாவு இலவசமாகத் தருகிறார்கள். கூச்சப்படாமல் பெயரைப் பதிந்து வாங்குங்கள்.

சலித்த பிறகு சல்லடையில் நிற்பதை என்ன செய்வது?

அரிசி மாவில் நிற்பது கப்பி. டப்பாவில் சேர்த்து வைத்து, ஒரு டம்ளர் சேர்ந்ததும் உப்புமாவாகக் கிண்டுங்கள். நொய்க்குப் பதிலாகக் கூழிலும் போடலாம். கோதுமைத் தவிட்டைச் சலித்து எடுக்கவே வேண்டாம், அப்படியே பிசையுங்கள். நைசாக வேண்டுமென்று சலித்தால் அதை அடை மாவில் ஒரு கை சேர்க்கலாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா மாடு வைத்திருக்கிறது. என் வீட்டுத் தவிடும் அரிசி கழுவிய தண்ணீரும் அங்கே போகும், பண்டிகைக்கு அங்கிருந்து ஒரு சொம்பு பால் வரும்.